டிவியின் பின்பக்கம்

கடைக்காரர் பால் கவரைப் பிரித்து, உள்ளே இருந்த இரண்டு மெழுகுத் துண்டுகளையும் மேசைமேல் வைத்தார். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மற்றதை. என் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். நான் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்னா அம்மச்சி?" என்றார்.

வயர் என்று சொன்னேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார்.

"டிவிக்கு வயர் வேணும். இந்த ஓட்டையில சேருறது."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்து, மெழுகை அதன் கீழே பிடித்தார். பவுன் உரசிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் ஜீப் கிளம்பிப் போயிருந்தால்கூட நன்றாயிருக்கும், நான் நடந்தே மலையேறிவிடுவேன் என்று நினைத்தேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் இருக்கும், நான்காகவும் இருக்கலாம். மழை விட்டுக் குளிர் தொடங்குகிற மாதம். ஜீப்பில் வந்தவர்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தது நினைவிருக்கிறது.

போர்வையில் சுற்றி வந்தது

என் அக்கா லூர்து மேரி இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையில் விழுந்ததையும், நான் அவள் வீட்டோடு வந்து தங்கியதையும் இந்தப் பக்கத்தில் முன்னமே எழுதியிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. முன்னறை, அடுப்படி, பின்னால் ஒரு சாய்ப்பு, அவ்வளவுதான். அக்கா மகள் விமலா கொழுந்து எடுக்கப் போவதால் வீடு எங்களிடம் இருக்கிறது. விமலாவின் வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார்.

அக்காவின் இளைய மகன் அருள். சாமியாருக்குப் படிக்கப் போனவன். வடக்கே மலைச்சாதி ஊர்களில் வேலை செய்யும் ஒரு சபையில் சேர்ந்தான். அவனுக்குக் குருப்பட்டம் அங்கேயே என்று முடிவானது. ரயிலில் இரண்டு ராத்திரி, பிறகு பஸ். அக்காவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதற்கே இரண்டு பேர் வேண்டும். அவள் எங்கே போவது.

அருள் இங்கே நம் கோயிலில் வைத்துக்கொள்ளக் கேட்கட்டுமா என்று போனில் கேட்டான். கூட இருக்கிற எட்டுப் பேருக்கும் அங்கேதான், நீ மட்டும் தனியாக எதற்கு என்று அக்கா சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் மனதில் இருந்தது ஒன்றுதான். அருள் பிறந்தபோது அவனுடைய வலது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. தினமும் எண்ணெய் தடவி நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில். அக்கா கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் குளிக்கக்கூட மாட்டாள். பிள்ளையை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு காலைப் பிடித்து உட்கார்ந்துவிடுவாள். மூன்று வருஷம். நடுவில் பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டும் போட்டார்கள். பாதம் நேரானது. நடக்கும்போது மட்டும் ஒரு சின்ன இழுப்பு தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவனை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை இங்கே எழுதவேண்டாம்.

இந்தக் காலோடு பூசை வைக்கப் பீடம் ஏற விடுவார்களா என்று அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். அப்படி யாரும் சொன்னதில்லை. படிப்பு முடிகிற வரைக்கும் யாரும் கேட்டதும் இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை.

"பீடத்துக்கு அவன் நடந்து போறத எங்கண்ணால பாக்கணும்," என்றாள். "பாத்துட்டா போதும்."

பூசையை நெட்டில் நேராகக் காட்டுவார்கள் என்று அருள் சொன்னான். போனில் பார்க்கலாம். ஆனால் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து தூரத்தில் இருப்பது தெரியும், கிட்டத்தில் இருப்பது தெரியாது. எதிர்ச் சுவரில் பல்லி இருந்தால் சொல்லுவாள். கையில் போனைக் கொடுத்தால் வெளிச்சமாக இருக்கிறது என்பாள். அதனால் டிவி வேண்டும். எங்கள் பழைய டிவி இடி விழுந்த அன்றைக்கே போய்விட்டது.

விமலாவின் வீட்டுக்காரர், கஞ்சிக்கோட்டில் தன்கூடத் தங்கியிருந்தவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன டிவியைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். தட்டை டிவி. கரண்ட் வயர் இருந்தது. ரிமோட் இல்லை. வேறு எந்த வயரும் இல்லை.

லைனுக்குக் கீழே பிள்ளைகள் கிரஷ்ஷில் டீச்சராக இருக்கும் ஸ்டெல்லாவிடம் ஒரு சின்ன லேப்டாப் இருக்கிறது. அன்றைக்கு அதைக் கொண்டுவந்து டிவியோடு சேர்த்துத் தருவதாகச் சொன்னாள். நடுவில் ஒரு வயர் மட்டும் வாங்கவேண்டும்.

பட்டத்துக்குக் குடும்பத்தோடு புறப்பட்ட விமலா, டவுனுக்குப் போய்த் தானே வாங்கிவைத்துவிட்டு ரயில் ஏறுவதாக இருந்தாள். அவளுக்குக் கொழுந்து வேலை, துணி துவைக்கிற வேலை, பிள்ளைகளுக்குச் சாமான் கட்டுகிற வேலை. அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"வயர நான் வாங்கிக்கிடுவேன்," என்றேன்.

"சித்தி, உறுதியாத் தெரியுமா? தெரியலைன்னா சொல்லு. நான் இருந்துக்கிறேன், அவரும் பிள்ளைகளும் போகட்டும்."

"எனக்குத் தெரியாத டிவி வயரா? நீ போ."

நான் இப்படி அடித்துப் பேசுகிற ஆள் கிடையாது. அதனாலேயே அவள் நம்பிவிட்டாள்.

பட்டை வயர்

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் தோட்டத்துக்கு முதல் டிவி வந்தது கிளப்புக்கு. கிளப் கூரைமேல் இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். கொடைக்கானல் டவர் இருக்கிற திசைக்குத் திருப்பினால்தான் தமிழ் வரும். ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு இறங்கும் வயர் அந்தக் காலத்தில் உருண்டையாக இருக்காது. தலைக்குக் கட்டும் நாடா மாதிரி தட்டையாக இருக்கும். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு செம்புக் கம்பி ஓடும்.

காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிவிடும். ஒருவர் கூரையில் ஏறுவார், ஒருவர் டிவி முன்னால் நிற்பார், ஒருவர் வாசற்படியில் நின்று இவர் சொல்வதை அவருக்குச் சொல்லுவார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போச்சு, பழையபடி வை. கூரையில் ஏறுகிறவர் அநேகமாக என் வீட்டுக்காரராக இருப்பார்.

பெண்களை உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நாங்கள்தான் போகமாட்டோம். சன்னலுக்கு வெளியே நிற்போம். எனக்கு முன்னால் நிற்கவும் கூச்சம். ஆக, கடைசியில் நின்று கூரை ஓரமாக இறங்கி வரும் பட்டை வயரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மழை பெய்தால் அந்த வயரில் தண்ணீர் வரிசையாகத் தொங்கும். அப்போது உள்ளே படம் போய்விட்டது என்று சத்தம் வரும்.

மஞ்சள் படத்துக்கு

பிறகு டெக் வந்தது. இப்போது இருக்கிறவர்களுக்கு டெக் என்றால் தெரியாது. செங்கல் அளவு கேசட்டை உள்ளே தள்ளினால் டிவியில் சினிமா ஓடும். என் வீட்டுக்காரர் பழைய டிவி ஒன்றும் டெக் ஒன்றும் வாங்கி, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை வீடு, கல்யாண வீடு, சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமை என்று நாலைந்து தோட்டங்களில் படம் போட்டுக் காட்டினார்.

நானும் கூடப் போவேன். என்னைக் கூட்டிக்கொண்டு போனதற்கு ஆசை காரணமில்லை. அவர் விரல்கள் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடித்துத் தடித்துப்போன விரல்கள். லைன் வீடுகளில் டிவியைச் சுவரோடு ஒட்டித்தான் வைக்க முடியும். பின்னால் இருக்கிற சந்தில் அவர் கை போகாது. என் கை போகும்.

ஒரே வயர், ஒவ்வொரு முனையிலும் மூன்று தலை. மஞ்சள் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. மஞ்சளை வெள்ளையில் செருகினால் படம் வராது, அதற்குப் பதில் மாடு கத்துவது போல ஒரு இரைச்சல் வரும். சிவப்பு கழன்று கிடந்தால் யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, தப்பாகப் போட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

வயரை மாட்டிவிட்டு நான் வெளியே வரமாட்டேன். அங்கேயே டிவிக்குப் பின்னால் சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வயர் கழன்றால் பார்ப்பதற்கு என்று பெயர். நிஜத்தில் எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. எல்லார் முகமும் என் பக்கம் இருக்கும், ஒருவர் கண்ணும் என்மேல் இருக்காது. படம் பார்த்ததைவிடப் படம் பார்க்கிறவர்களைப் பார்த்ததுதான் அதிகம். பெண்கள் முந்தானையை எடுத்தால் கதாநாயகி செத்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வேன். ஆண்கள் பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்திருந்தால் சண்டை.

டெக் போனது. வட்டத் தட்டு வைத்த டிஷ் வந்தது. அதற்குக் கறுப்பாக, உருண்டையாக, முனையில் திருகுகிற மாதிரி ஒரு வயர். அதை மாட்டுவதற்கு ஆள் வருவார்கள், மாட்டிவிட்டுப் போவார்கள். என் கைக்கு வேலை இல்லை. ஆகவே என் மனதில் டிவி வயர் என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. அதற்குப் பிறகு உலகத்தில் வேறு வயர் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நுழையாத வயர்

விமலா குடும்பம் பாலக்காட்டில் ரயில் ஏறிய அன்றைக்கு நான் டவுனுக்குப் போய், கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் மூன்று நிறத்தையும் சொல்லி வாங்கிவந்தேன். பேச்சு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

பட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம், ஸ்டெல்லா லேப்டாப்போடு வந்தாள், ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று. நான் டிவிக்குப் பின்னால் போய் மூன்று தலைகளையும் மாட்டினேன். பார்க்கவேகூட இல்லை, விரலே கண்டுபிடித்தது. மறு முனையை ஸ்டெல்லாவிடம் நீட்டினேன்.

அவள் லேப்டாப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். வட்ட ஓட்டையே அதில் இல்லை. சார்ஜ் போடுகிற ஓட்டை ஒன்று, போன் வயர் போகிற ஓட்டை ஒன்று, கூடவே தட்டையாக ஒரு சின்னப் பிளவு.

"பெரியம்மா, இதுல அது போகாது," என்றாள்.

அவள் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கட்டிலில் இருந்து அக்கா, "என்னட்டி, வரலையா?" என்று கேட்டாள்.

"வரும்," என்றேன்.

எந்த வயர் என்று ஸ்டெல்லாவுக்கும் தெரியவில்லை. கிரஷ் கணக்கு எழுதுவதற்குக் கொடுத்த லேப்டாப், அவள் அதை டிவியில் மாட்டிப் பார்த்ததே இல்லை. விமலாவுக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை, ரயில் எங்கேயோ காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கிடைக்காததில் எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுபடியும் டிவிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை டார்ச்சோடு. இவ்வளவு ஓட்டை எதற்கு என்று தெரியவில்லை. திருகுகிற உருண்டை ஒன்று. என்னுடைய மூன்று நிறம். அதன் பக்கத்திலேயே பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு மூன்று, ஒன்றுவிட்ட சகோதரிகள் மாதிரி. நீல நிறத்தில் அகலமாக ஒன்று, அதில் மூன்று வரிசையாகப் பொட்டுப் பொட்டாகத் துவாரம், இரண்டு ஓரத்திலும் திருகாணி. கடைசியில் தட்டையாக ஒரு பிளவு. மேலே அகலம், கீழே இரண்டு மூலையும் உள்வாங்கிப் போயிருந்தது, இட்லித் தட்டின் குழியைக் குறுக்கே வெட்டினால் இருப்பது போல.

ஸ்டெல்லாவை லேப்டாப்பைத் திருப்பச் சொன்னேன். அதிலிருந்த சின்னப் பிளவுக்கும் அதே வடிவம். இரண்டு பக்கமும் ஒரே சாடையில் இருக்கிறது என்றால், அந்த இரண்டையும் சேர்க்கிற வயர் இருந்தாகவேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு.

அதைக் கடையில் எப்படிச் சொல்வது? பெயர் தெரியாது. படம் போட்டுப் பார்த்தேன், அது படகு மாதிரி வந்தது. டிவியைத் தூக்கிக்கொண்டு அந்த ரோட்டில் ஜீப்பில் போக முடியாது. லேப்டாப்பைக் கொடு என்று கேட்கவும் மனம் வரவில்லை, அது அவளுடையது இல்லை.

எங்கள் லைனில் டிரங்குப் பெட்டிச் சாவி தொலைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் சாவியை மெழுகில் அழுத்தி எடுத்து டவுனுக்குக் கொடுத்துவிடுவார்கள். சாவி செய்து வரும். அது ஞாபகம் வந்தது. மாதா படத்துக் கீழே தட்டில் இருந்த மெழுகுவத்தித் துண்டுகளை எடுத்தேன்.

"மந்திரிச்ச மெழுகுவத்தியத் தொடாதட்டி," என்றாள் அக்கா. கோயிலில் மந்திரித்த மெழுகுவத்தி எரிந்து குட்டையானாலும் எங்கள் வீடுகளில் எறிய மாட்டோம். சாகிற நேரத்துக்குக் கையில் கொடுப்பதற்கு என்று இருக்கும்.

"இது சும்மா மெழுகுவத்திதான்க்கா."

சுடுதண்ணீரில் போட்டுப் பிசைந்தேன். பால் கவரை வெட்டி ஓட்டைமேல் விரித்து, அதன்மேல் மெழுகை வைத்து விளிம்பு பதிகிற அளவுக்கு மட்டும் அழுத்தினேன். ஸ்டெல்லா லேப்டாப்பைப் பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டாள், உள்ளே போயிரப் போகுது பெரியம்மா, உள்ளே போயிரப் போகுது என்று சொல்லிக்கொண்டே. போகவில்லை. இரண்டு துண்டும் ஆறியதும் எது எது என்று மறந்துவிடாமல் டிவியுடையதில் ஓர் அரிசியைக் குத்திவைத்தேன்.

அரிசி வைத்தது டிவி

கடைக்காரர் விளக்கின் கீழே வைத்துப் பார்த்தார் என்று சொன்னேன்.

"இந்த அரிசி எதுக்கு?" என்றார்.

"அரிசி வச்சது டிவி. வைக்காதது மத்தது."

அப்போது அவரும் சிரித்தார். எச்.டி.எம்.ஐ. என்று அதன் பெயரைச் சொன்னார். இப்போது தாளில் எழுதிவைத்திருக்கிறேன், அன்றைக்கு மனதில் நிற்கவில்லை. உள்ளே போய் ஒரு வயரைக் கொண்டுவந்து, அதன் முனையை அரிசி வைத்த மெழுகில் வைத்தார். மெழுகில் புடைத்திருந்த வடிவமும் அதுவும் அச்சாக ஒத்துப்போயின. அடுத்த முனையை மற்ற மெழுகில் வைத்தார். அது பெரிதாக வெளியே நின்றது.

"ரெண்டும் கொண்டுவந்தது நல்லதாப் போச்சு அம்மச்சி. ஒண்ணு மட்டும் காட்டியிருந்தா ரெண்டு தலையும் பெருசா இருக்கிறதத்தான் தந்திருப்பேன். இது சிறுசு. இது அதிகம் ஆள் கேக்கமாட்டாங்க."

பெட்டி பெட்டியாகத் தேடினார். இல்லை. எர்ணாகுளத்திலிருந்து வரவேண்டும், நாளை மத்தியானம் வந்துவிடும் என்றார்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குப் பட்டம்," என்றேன்.

கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். என்ன பட்டம் என்று அவர் கேட்டார். நான் சொன்னேன். அக்கா, இடுப்பு, கண், அருள், அவன் கால், மூன்று வருஷ எண்ணெய், எல்லாவற்றையும் சொன்னேன். லைனில் பக்கத்து வீட்டில்கூட நான் இவ்வளவு பேசியதில்லை. தப்பான வயர் வாங்கியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

என் பின்னால் முதலில் சிரித்தவர் முன்னால் வந்தார். எதிர் வரிசையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவராம். கல்யாண மண்டபத்தில் கேமராவையும் டிவியையும் சேர்க்க இப்படி ஒரு தலை சிறுத்த வயர் வைத்திருப்பதாகச் சொன்னார்.

"நில்லுங்க, எடுத்துட்டு வாரேன்," என்று ரோட்டைக் கடந்து போனார்.

கொண்டுவந்ததும் கடைக்காரர் அதையும் மெழுகில் வைத்துப் பார்த்தார். சிறிய தலை அரிசி இல்லாததோடு ஒத்துப்போனது. பெரியது அரிசி வைத்ததோடு. சனிக்கிழமை கல்யாணம் இருக்கிறது, அதற்குள் ஜீப்பில் கொடுத்தனுப்பினால் போதும் என்றார் ஸ்டுடியோக்காரர். அவர் முகம் எனக்குத் தெரியாது. பிரவுன் செருப்பு, ஒரு வார் தைத்தது. ரோட்டில் பார்த்தால் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பேன்.

குப்புறப் படுத்த ஒன்பது பேர்

மறுநாள் ஸ்டெல்லா கிரஷ்ஷில் மத்தியானம் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். அக்காவுக்கு முகம் துடைத்து, தலை சீவி, தலையணை இரண்டு வைத்து நிமிர்த்தி உட்காரவைத்திருந்தேன். கழுத்தில் செபமாலை.

வயர் இரண்டு பக்கமும் போனது. டிவி நீலமாக எரிந்தது. நடுவில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. படம் இல்லை.

லேப்டாப்பில் பூசை தொடங்கிவிட்டது. பாட்டுச் சத்தம் அதிலிருந்து சின்னதாக வந்தது. ஸ்டெல்லா எதை எதையோ அழுத்தினாள். பவனி வருகிறது என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நடந்து வர்றானா?" என்று அக்கா கேட்டாள். ஸ்டெல்லா லேப்டாப்பை அவள் முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தாள். அக்கா பார்த்துவிட்டு, "வெளிச்சமா இருக்கு," என்றாள்.

நான் பழக்கத்தில் டிவிக்குப் பின்னால் போனேன். வயர் சரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் டெக் காலம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் வயர் மாட்டினால் மட்டும் போதாது, டெக் இருக்கிற இடத்துக்கு டிவியை மாற்றவேண்டும், அதற்கு ஒரு பொத்தான் இருக்கும். ரிமோட் இல்லை. டிவியின் அடி விளிம்பைத் தடவினேன், பொத்தான்கள் தட்டுப்பட்டன. முதல் பொத்தானில் டிவி அணைந்துவிட்டது. ஸ்டெல்லா அய்யோ என்றாள். மறுபடி போட்டேன். இரண்டாவதில் சத்தம் கூடியது. மூன்றாவதை அழுத்தியதும் ஒரு பட்டியல் வந்தது. அழுத்திக்கொண்டே போனேன். ஸ்டெல்லா, "வந்துருச்சு," என்றாள்.

பவனி முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து முன்னால் வந்தார்கள். எங்களுக்கு இந்தி தெரியாது, அருள்தாஸ் என்பது மட்டும் புரிந்தது. கேமராக்காரர் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தார். அருள் தாடி விட்டிருந்தான். மெலிஞ்சிட்டான் என்றாள் அக்கா. அவன் கால் தெரிகிறதா என்று கட்டிலிலிருந்து கொஞ்சம் எட்டிப் பார்த்தாள், டிவிக்குக் கீழே இருக்கிறது போல.

பிறகு ஒன்பது பேரும் பீடத்துக்கு முன்னால் குப்புற விழுந்து படுத்தார்கள். பட்டம் வாங்குகிறவர்கள் அப்படித்தான் படுப்பார்கள், அவர்கள் எழுகிற வரைக்கும் புனிதர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடுவார்கள். எல்லாருக்கும் ஒரே வெள்ளை அங்கி. முகம் கைகளுக்குள் புதைந்திருந்தது. கேமரா பின்னாலிருந்து காட்டியது. வெறுங்கால்கள். பதினெட்டு உள்ளங்கால்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இதுல நம்ம ஆளு எது?" என்றாள் ஸ்டெல்லா.

எனக்குத் தெரியவில்லை. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். பாதி நாள் என் இடுப்பில்தான் இருந்தான்.

"மூணாவது," என்றாள் அக்கா. "சன்னல் பக்கத்துல இருந்து மூணாவது."

"எப்படிப் பெரியம்மா சொல்றீங்க?"

"எங்கையில கிடந்த பாதம்லா."

வலது பாதமும் இடது பாதமும் ஒன்றுபோல நேராகக் கிடந்தன. குதிகால் வெடிப்புகூடத் தெரிந்தது. பாட்டு நீண்டுகொண்டே போனது. அக்கா வேறு எங்கும் பார்க்கவில்லை. கேமரா கொஞ்ச நேரம் பாட்டுக்காரர்களைக் காட்டியபோது பொறுத்துக்கொண்டிருந்தாள், திரும்பி வந்ததும் மறுபடி அந்த இடத்துக்கே போனாள்.

"ஏட்டி, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு பாரு," என்று என்னிடம் சொன்னாள்.

எழுந்து திரும்பினார்கள். மூன்றாவது ஆள் அருள்தான்.

அதன்பிறகு கொஞ்ச நேரத்தில் அக்கா தூங்கிவிட்டாள். எழுப்பலாமா என்று நான் பார்த்தேன். ஸ்டெல்லா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் மீதியைப் பார்த்தோம். ஆயர் உள்ளங்கையில் எண்ணெய் பூசியதை, கையைத் துணியால் கட்டியதை, தாய்மார்கள் வந்து அந்தத் துணியை வாங்கிக்கொண்டதை. அக்கா இடத்தில் விமலா வந்தாள். அழுதுகொண்டே வந்தாள், துணியை மடிக்கத் தெரியாமல் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். கடைசியில் எல்லாரும் பீடத்திலிருந்து இறங்கிப் பவனியாக வெளியே போனார்கள். ஸ்டெல்லா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிரஷ்ஷுக்கு ஓடினாள்.

அக்கா கஞ்சி நேரத்துக்கு விழித்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நடந்து வந்தானா?"

"வந்தான்."

"கால இழுத்தானா?"

"இல்லக்கா," என்றேன்.

கஞ்சியை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு முழுக் கிண்ணமும் குடித்தாள்.

பீடத்துக்கு ஆறு படி. எண்ணிவிட்டேன். ஒவ்வொரு படியிலும் அவன் வலது கால் ஒரு நொடி பிந்தித்தான் வந்து சேர்ந்தது. பழைய மஞ்சள் வயராக இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. இந்த வயரில் எல்லாம் தெரிந்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்தை அக்காவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இந்த வாரம் கஞ்சிக் கிண்ணம் வரைக்கும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவேன்.